பாவாயியின் காறையெலும்பு

1938 ஜனவரி 10, திங்கள்

வேலங்காட்டு மிட்டா ஜமீனின் சொத்துகளைப் பார்வையிட்டு இன்று மாலை சேலம் திரும்பினேன். மிட்டாதார் காலமானபின் மூத்த மகன் அர்த்தநாரிக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. அது முடியும்வரை சொத்தைக் காப்பதற்கு ரிசீவராகக் கோர்ட்டார் என்னை நியமித்திருக்கிறார்கள். நிலத்திலும் களஞ்சியத்திலும் சிக்கல் ஒன்றும் இல்லை. ஜேடர்பாளையத்துக்குச் சற்றுக் கீழே காவிரிக் கரையில் இருக்கும் பங்களாவின் பின்கட்டில்தான் சிக்கல். பெரியவர் ஆசைக்கு வளர்த்த மிருகங்களில் இப்போது மிச்சம் இரண்டு புள்ளிமான், ஒரு முள்ளம்பன்றி, ஒரு சிறுத்தைக் குட்டி.

குட்டி என்றாலும் ஊர் நாயைவிடப் பெரியது. கொல்லிமலையில் கண் திறக்காமல் கிடந்ததை யாரோ கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்களாம். மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் சடையன் ஆட்டுப்பால் புகட்டி வளர்த்திருக்கிறான். முன் வலது கால் நொண்டுகிறது.

‘சிறுத்தை, பெண், ஒன்று’ என்று குறித்துக்கொண்டேன். சடையன் எட்டிப் பார்த்தான். “பேரு எழுதலீங்களா சாமி?” என்றான். மிருகத்தின் பெயர் அவசியமில்லை என்றேன். “பாவாயிங்க” என்று சொல்லிவிட்டு, நான் எழுதும்வரை அங்கேயே நின்றான். எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது அந்தச் சாம்பல் பூனை கொல்லைப் படியில் இருந்தது. ஐப்பசி மழையிலிருந்து வந்து போகிறது. நம்முடையதல்ல.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். என் மனைவி சென்னியம்மாள் பூனைக்கும் ஒரு துண்டு இலையில் வைத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, புதன்

அர்த்தநாரி மனுப் போட்டிருக்கிறார். தீபாவளிச் சமயத்தில் சிறுத்தை கூண்டுப் பரண்பலகையிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. அது தீராத வேதனையில் இருக்கிறது. ஆகவே சுட்டுவிட அனுமதி வேண்டும் என்பது மனு. தம்பி ஆட்சேபிக்கிறார். மதராஸ் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். அங்கிருந்தோ, கால் நலமாக இருந்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று பதில் வந்திருக்கிறது. எலும்பு முறிந்ததா, குணமாகக்கூடியதா என்று நான் அறிக்கை தரவேண்டும் என ஜட்ஜ் உத்தரவிட்டிருக்கிறார். குணமாகாது என்று நான் எழுதினால் அன்றே அனுமதி கிடைத்துவிடும்.

அர்த்தநாரி ஆபீசுக்கு வந்திருந்தார். முரட்டுக் குரல். “ஏனுங்க வக்கீலய்யா, நொண்டறது தெரியறதுக்கு அறிக்கை எதுக்குங்க? கண்ணு பத்தாதுங்களா?” என்றார். நொண்டுவது தெரிகிறது, ஏன் நொண்டுகிறது என்பது தெரியவில்லை என்றேன். “உங்க மாதிரி ஆளுங்க இருந்தா எமன்கூட வாய்தா வாங்கோணும்” என்று சொல்லி எழுந்து போனார்.

ஜனவரி 22, சனி

கால்நடை வைத்தியர் வெங்கடாசலத்தோடு கலந்து பேசினேன். தொட்டுப் பார்க்கலாமென்றால் உறுமுகிறது என்கிறார். எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் நிச்சயம் தெரியுமாம். “மாட்டுக்கே எடுத்ததில்லைங்க. சிறுத்தைக்கு யார் எடுத்தாங்க?” என்று அவரே கேட்டுக்கொண்டார். சேலத்தில் டாக்டர் குமாரசாமியின் ஆஸ்பத்திரியில் இயந்திரம் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 3, வியாழன்

படம் எடுத்தாயிற்று.

லாரியில் கூண்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சடையன் பின்னால் கூண்டோடு ஒட்டி உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தானாம். “அதா, திருச்செங்கோட்டு மலை தெரியுது பாரு சாமி” என்று அதற்கு ஊர் காட்டினான் என்று லாரிக்காரர் சொல்லிச் சிரித்தார். ஆஸ்பத்திரி வாசலில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், “அதுக்குமா காய்ச்சலு?” என்று கேட்டாள். சடையன், “காலு நோவுதுங்க” என்று மரியாதையாகப் பதில் சொன்னான். டாக்டர் குமாரசாமி வேடிக்கையான மனிதர். நோயாளியின் பெயர் என்ன, வயது என்ன, கைகால் அசைக்காமல் படுப்பாரா என்று ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கூண்டைக் கித்தானால் மூடி, குளோரோபாரம் நனைத்த பஞ்சை வெங்கடாசலம் உள்ளே செலுத்தினார். துவண்டபின் தூக்கி மேசையில் கிடத்தினார்கள். கிடந்தபோது எவ்வளவு சிறியதாக இருந்தது. வலது தோளை ஒரு படம் எடுத்தார்கள். இடது தோளுக்குத் திருப்பப் போகும் நேரத்தில் மூச்சு நின்றது.

வெங்கடாசலம் விலாவை அமுக்கி அமுக்கி விட்டார். சடையன் அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு, “பாவாயி, வந்துரு சாமி, வந்துரு” என்று சாதாரணமாக, வாசலில் விளையாடுகிற பிள்ளையை அழைப்பதுபோல அழைத்துக்கொண்டிருந்தான். மூச்சு வந்தது. உடனே கூண்டில் இட்டார்கள். வெங்கடாசலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தரம் இந்த மருந்தைக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்” என்றார்.

ஆகவே நம்மிடம் இருப்பது ஒரே படம். வலது தோள் மட்டும்.

பிப்ரவரி 5, சனி

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரு வைத்தியர்களும் எனக்கு விளக்கினார்கள். தோள் மூட்டுக்கு முன்னால், எதனோடும் ஒட்டாமல், வெட்டிய நகம்போல வளைந்த ஓர் எலும்புத் துணுக்கு தசைக்குள் தனியே மிதக்கிறது.

குமாரசாமி சொல்வது: இது கழுத்தடியில் இருக்கும் காறையெலும்பு. மனிதனுக்கு அது நெஞ்செலும்பிலிருந்து தோள்வரை முழுநீளத்துக்குப் போகும். இங்கே இரண்டு பக்கமும் சிதைந்து நடுத்துண்டு மட்டும் நிற்கிறது.

வெங்கடாசலம் சொல்வது: மாட்டுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் காறையெலும்பே கிடையாது. இந்த இடத்தில் எலும்பு என்று ஒன்று இருக்கவே கூடாது. ஆகவே தோள்பட்டையிலிருந்து உடைந்து விலகிய சில்லு.

எப்படியானாலும் முறிவுதான், பழைய முறிவு, இனி ஒட்டிச் சேராது. இதில் இருவரும் ஒருமுகம்.

இரண்டு நிபுணர்கள் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். வேறொருவன் இதோடு திருப்தியடைந்திருப்பான். ஆனால் ஒருவர் நீளமாக இருக்கவேண்டிய எலும்பு குறைந்துவிட்டது என்கிறார். மற்றவர் இல்லாதிருக்கவேண்டிய எலும்பு வந்துவிட்டது என்கிறார். ஒருவர் காரணம் மற்றவர் காரணத்தை அழிக்கிறது. இப்படி இரண்டு சாட்சிகள் என் எதிர்த்தரப்பில் வந்தால் நான் சும்மா விடுவேனா?

பிப்ரவரி 7, திங்கள்

குணமாகாது என்ற அறிக்கையின் வரைவை எழுதி முடித்தேன். கையெழுத்து இடவில்லை.

மத்தியானம் சடையன் பஸ்ஸில் வந்திருந்தான். நல்ல சேதிங்களா என்று கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

“சுடறதாயிருந்தா எனக்கு மொதல்ல சொல்லிப்போடுங்க சாமி.”

தடுக்கப் போகிறாயா என்று கேட்டேன்.

“இல்லீங்க. அன்னிக்கு நாந்தானுங்க தீனி போடோணும். வேற ஆளு போட்டா அவ திங்கமாட்டா. வவுத்தப் பசியோட போகக் கூடாதில்லீங்க.”

அவன் போனபின் வரைவை எடுத்துப் படித்தேன். வாக்கியங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் – எப்படிப் போடுவது கையெழுத்தை? தெரியாததைத் தெரியும் என்று எப்படி எழுதறது?

பிப்ரவரி 8, செவ்வாய்

இன்று காலை நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

கொல்லை வெயிலில் சென்னியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூனை ஒரு குருவியைக் குறிவைத்துப் பதுங்கியது. பதுங்கும்போது தோள்பட்டைகள் இரண்டும் முதுகுக்கு மேலே எழுந்து மாறி மாறி நகர்ந்தன. பாவாயி கூண்டில் தீனிக்குக் காத்திருக்கும்போது செய்வதும் அதுவே. நான் பல் விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

தகராறுள்ள கையெழுத்தை எதனோடு ஒப்பிடுகிறோம்? அதே ஆள் போட்டதென்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கையெழுத்தோடு. குமாரசாமி மனிதனோடு ஒப்பிட்டார். வெங்கடாசலம் மாட்டோடு ஒப்பிட்டார். இரண்டும் அந்நியர் கையெழுத்து. சிறுத்தையின் உறவுக்காரன் யார்? இதோ குருவியைத் தவறவிட்டு, தவறவிடாததுபோல முதுகை நக்கிக்கொண்டிருக்கிறது.

பூனையையும் படம் எடுக்கவேண்டும் என்று சென்னியம்மாளிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“பூனைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

ஒன்றும் ஆகாது என்று உறுதி கூற எனக்கு அதிகாரமில்லை, ஆனால் ஆகாது என்றே நம்புகிறேன் என்றேன்.

“ஒரு பொய்கூடச் சொல்ல வராதுங்களா உங்களுக்கு?” என்றாள். பிறகு பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன்பு எங்கள் வீட்டில் ஒரு கீரிப்பிள்ளை இருந்தது. அது செத்த மாதம் முழுவதும் இவள் சரியாகச் சாப்பிடவில்லை. இனி இந்த வீட்டில் பிராணி வேண்டாம் என்று அன்று முடிவு செய்தவன் நான்தான். அதைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எண்ணுகிறேன்.

கடைசியில் சம்மதித்தாள். மயக்க மருந்து கூடாது, பூனையை அவள்தான் பிடித்துக்கொள்வாள் – இவை நிபந்தனைகள்.

பிப்ரவரி 10, வியாழன்

பூனையைப் பழைய வேட்டியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். சென்னியம்மாள் முன்னங்கால்களை ஒரு கையாலும் பிடரியை ஒரு கையாலும் பிடித்து, மேசைமேல் குனிந்து அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இயந்திரம் இரைந்தது. அவள் முழங்கையில் நீளமாக ஒரு கீறல். ‘போதும், எடுத்தாச்சு’ என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் விடவில்லை.

பூனை சிறியது, இரண்டு தோளும் ஒரே படத்தில் விழுந்துவிட்டன. ஈரம் சொட்டச் சொட்டக் குமாரசாமி சன்னலில் பிடித்தார். இரண்டு தோளுக்கும் முன்னால், எதனோடும் ஒட்டாமல், அரிசி முனைபோல இரண்டு வளைந்த துணுக்கு. வலதில் ஒன்று, இடதில் ஒன்று.

வெங்கடாசலம், “நேத்துக்கூட மதில்மேல ஏறிச்சுங்களா இது?” என்று சென்னியம்மாளைக் கேட்டார். “இன்னிக்குக் காலையில கூரைமேல இருந்துதுங்க” என்றாள். குமாரசாமி சிரிக்க ஆரம்பித்தார். “இருக்கிற எலும்பை முறிஞ்சுதுன்னு நான் சொன்னேன், இருக்கவே கூடாதுன்னு இவர் சொன்னார். பூனைச் சாதிக்கு அது அப்படியே படைப்பு” என்றார். தம் தவற்றுக்கு அப்படிச் சிரிக்கும் மனிதரிடம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் நொண்டுகிறதே, ஏன்?

அதை வெங்கடாசலம்தான் பார்த்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோது பூனையின் எலும்புகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. பாவாயியின் எலும்புகள் பென்சிலால் வரைந்து பாதி அழித்ததுபோல மங்கியிருந்தன. “முறியலீங்க. சுண்ணாம்புச் சத்தே ஏறல. நடந்தா நோவுது, அதுதான் நொண்டுது” என்றார். பிறகு மெதுவாக, “என்ன தீனி போடறாங்க?” என்றார்.

பிப்ரவரி 12, சனி

நானும் வெங்கடாசலமும் பங்களாவுக்குப் போனோம். நாங்கள் போனபோது சடையன் கறி அரிந்துகொண்டிருந்தான். நல்ல மேச்சேரி ஆடு. எலும்பையெல்லாம் ஒதுக்கி நாய்க்கு வைத்துவிட்டு, கறியை விரலால் பிசைந்து பிசைந்து பார்த்து, நகத்தளவு சில்லையும் எடுத்து எறிந்தான்.

“ஏன் எடுக்கிறாய்?” என்றேன்.

“தொண்டையில சிக்கிக்கிச்சுன்னா என்னங்க பண்றது? வாயத் தொறந்து சொல்லுமுங்களா? பால்குடி மறந்ததிலிருந்து ஒரு சில்லு போனதில்லீங்க இவ வாயில” என்றான். பெருமையாகத்தான் சொன்னான். கூண்டில் வெயில் படாமல் சுற்றிலும் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

வெங்கடாசலம் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். நானே சொல்கிறேன் என்று, நல்ல செய்தியை முதலில் சொன்னேன்: எலும்பு முறியவில்லை. சடையன் அரிவாள்மணையைச் சாய்த்துவைத்துவிட்டுக் கும்பிட்டான். அடுத்து, எலும்புக்குச் சத்துப் போதவில்லை, இனிமேல் எலும்போடு தீனி போடவேண்டும், முதலில் இடித்துப் பொடியாக, பிறகு முழுசாக, பாலும் தரவேண்டும், காலை வெயில் படவேண்டும் என்றேன்.

அவன் நாய்க்கு ஒதுக்கிய எலும்பைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் எவ்வளவு கவனமாகச் சொல்லை அடுக்கினாலும் விளங்கத்தான் செய்யும்.

“அப்ப நாந்தானுங்களா சாமி?”

இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. சென்னியம்மாள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். நான் சொன்னது இது: “அந்த எலும்பு எப்படி இருக்கும் என்று இரண்டு டாக்டர்களுக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒருவரும் உனக்குச் சொல்லவில்லை, சடையா. இனி நம் எல்லோருக்கும் தெரியும்.”

அவன் தலையாட்டினான். எழுந்து போய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். வெயில் பட்டதும் பாவாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 13, ஞாயிறு

அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியத்துக்குக் காலை முழுவதும் செலவாயிற்று. ‘பராமரிப்பவன் எலும்பை நீக்கிவிட்டு உணவளித்தான்’ என்பது உண்மை. ‘உணவில் எலும்பு சேரவில்லை’ என்பதும் உண்மை. இரண்டாவதை எழுதினேன். வழக்குக்குத் தேவையானது அவ்வளவுதான்.

பிப்ரவரி 21, திங்கள்

விசாரணை. கோர்ட் குமாஸ்தா என் அறிக்கையை வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தி, “பாவாயி என்பவர் எந்தத் தரப்பு?” என்றார். மேலே இரண்டு இடத்தில் சிறுத்தை என்று எழுதியவன் மூன்றாம் இடத்தில் என்னையறியாமல் பெயரை எழுதியிருக்கிறேன். விளக்கம் சொல்ல எழுந்தபோது காது சூடாயிற்று.

அர்த்தநாரியின் வக்கீல், “சிறுத்தையின் தோளைப் பற்றிக் கேட்டால் ரிசீவர் பூனையின் தோளைக் கொண்டுவருகிறார். இந்தப் பூனை ஆரோக்கியமானது என்பதற்கு என்ன ருசு? தெருவில் திரிந்ததாக இருக்கலாம். யார் கண்டது?” என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஜட்ஜ் இரு படங்களையும் சன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பூனை யாருடையது?” என்றார்.

கோர்ட்டில் நிற்கிறவன் சரியான பதில் சொல்லவேண்டும். யார் சோறு வைக்கிறார்கள்? யார் மடியில் தூங்குகிறது? இரண்டு நாள் காணாவிட்டால் எந்த வீட்டில் வாசலைப் பார்க்கிறார்கள்? போன கார்த்திகையில் அது வராத அன்று கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தவன் யார்?

“எங்கள் வீட்டுப் பூனை” என்றேன். “ஐப்பசியிலிருந்து இருக்கிறது. ஒருநாளும் நொண்டியதில்லை.”

உத்தரவு: ஜூன் இறுதிவரை அவகாசம். அதற்குள் நொண்டல் தீராவிட்டால் அர்த்தநாரியின் மனு அனுமதிக்கப்படும்.

வீட்டில் சென்னியம்மாளிடம் உத்தரவைச் சொன்னேன். பூனையைப் பற்றிய கேள்வியைச் சொல்லவில்லை. என் குமாஸ்தா முன்னமே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தாள்.

மார்ச் 6, ஞாயிறு

இடித்த எலும்பைக் கறியோடு பிசைந்து போட்டால் தின்கிறாள். முழு எலும்பைத் தொடவில்லை. முகர்ந்துவிட்டுச் சடையனைப் பார்க்கிறாளாம், எடுத்துவிடுவான் என்று.

மார்ச் 27, ஞாயிறு

இன்னும் தொடவில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு

நொண்டல் குறையவில்லை. வெங்கடாசலம் பொறு என்கிறார். பொறுப்பது என் தொழில். ஆயினும் –

ஏப்ரல் 17, ஞாயிறு

பங்களாவில் அர்த்தநாரி இருந்தார். கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை நம்பாமல் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ கூண்டைப் பார்த்தபடியே, “அப்பாவுக்குக் கடைசியிலே எழுந்திரிக்க முடியல. கட்டில இங்கயே போடச் சொன்னாருங்க. இதப் பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. அவரு போன பொறவு இது நொண்ட ஆரம்பிச்சுது. பாக்க முடியலீங்க வக்கீலய்யா” என்றார்.

அவர் மனுவில் ‘தீராத வேதனை’ என்று இருந்தது. யாருடைய வேதனை என்று அன்று நான் கேட்கவில்லை.

மே 2, திங்கள்

சடையன் ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறான்: நேற்று ஒரு விலா எலும்பைக் கடித்தாள்.

மே 3, செவ்வாய்

சென்னியம்மாளிடம் இதை இரண்டாம் முறையாகச் சொன்னேன் போலும். “நேத்தே சொன்னீங்க” என்றாள்.

ஜூன் 12, ஞாயிறு

நானும் வெங்கடாசலமும் போயிருந்தோம். நடை நேராகிவிட்டது. பரண்பலகை தாழ்வாக மாட்டியிருந்தது. பாவாயி ஒரே தாவலில் அதன்மேல் ஏறித் தொடையெலும்பை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு கடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் பின்கட்டு முழுவதும் கேட்டது. சடையன் முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். விழுங்கினாள் என்று வெங்கடாசலம் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தான். “தெனமும் இப்படித்தானுங்க. பழகல இன்னும்” என்றான்.

ஜூன் 27, திங்கள்

அர்த்தநாரி மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார். படங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிறுத்தையின் படம் அவளோடு மதராஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போகவேண்டும். பூனையின் படத்தைச் சென்னியம்மாள் கேட்டாள்.

ஜூலை 9, சனி

சேலம் ஜங்ஷன். கூண்டைப் பார்சல் வண்டியில் ஏற்றினார்கள். மிருகக்காட்சிசாலையிலிருந்து வந்த ஆள் இளைஞர்; சிரத்தையானவராகத் தெரிந்தது. உணவு விவரங்களைத் தெளிவாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அர்த்தநாரி வந்திருந்தார், சற்றுத் தள்ளி நின்றார்.

சடையன் கம்பிக்குள் கையை விட்டுக் காதோரம் தடவிக்கொண்டிருந்தான். கார்டு கொடியை எடுத்ததும் கையை வெளியே எடுத்து, அந்த இளைஞரிடம் போனான்.

“எலும்போட போடுங்க சாமி. முறிக்கறப்போ சத்தம் பெரிசாத்தான் கேக்கும். பயந்துக்கிட்டு எடுத்துப்போடாதீங்க.”

நான் கொடுத்த தாளில் அது முதல் வரியிலேயே இருக்கிறது. இருந்தாலும் அவன் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். அவன் இரண்டு முறை சொன்னான்.